வேகம் குறிக்காத இசைத்தட்டு

வலது கை சட்டைக்குள் போய்விட்டது. இடது கைதான் வம்பு செய்தது. மடக்கினால் அண்ணன் பல்லைக் கடித்தான். மடக்காவிட்டால் கை உள்ளே போகாது.

"எதுக்குண்ணா இந்த வீம்பு? படுத்த படுக்கையில கருப்புச் சட்டை போட்டு யாருக்குக் காட்டப் போற?" என்றாள் கீச்சு.

"எனக்கு விழா எடுக்கறாங்க. நான் பனியனோட கிடக்கணுமா?"

இதைச் சொல்ல அவனுக்கு நாலு மூச்சு வேண்டியிருந்தது. கீச்சு கத்தரிக்கோலை எடுத்துச் சட்டையின் முதுகை மேலிருந்து கீழ்வரை வெட்டினாள். முன்பக்கமாகக் கைகளை நுழைத்து, வெட்டிய ஓரங்களை முதுகுக்கு அடியில் செருகினாள். பார்த்தால் ஒழுங்காகச் சட்டை போட்ட மனுஷன்தான்.

"ஐயோ, நல்ல சட்டையாச்சே" என்றபடி உள்ளே வந்த அண்ணி, வெட்டிய ஓரத்தை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டாள். அந்தச் சட்டையை அவன் இன்னொரு தடவை போட வேண்டியிருக்காது என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

கீச்சுக்கு வயது ஐம்பத்துநான்கு. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறாள். அங்கே எல்லாருக்கும் அவள் மேடம். இந்த வீட்டுக்குள் நுழைந்தால் மட்டும் கீச்சு. சின்ன வயதில் குரல் அப்படி.

அது வீட்டின் பின்னறை. ஒரு பக்கச் சுவர் கொளுத்துகிற வெயிலிலும் காயாது. அதனால்தான் கம்பெனிக்கு 'ஈரச்சுவர் ரெக்கார்ட்ஸ்' என்று பெயர். கம்பெனி என்றால் அண்ணன், ஒரு நாற்காலி, ஒரு தொலைபேசி. அவன் அதை ஆரம்பித்தது, பங்க் என்கிற ஆவேச ராக் இசைக் கூட்டம் கத்தி ஓய்ந்திருந்த சமயம். அதே கோபத்தை இருட்டாக, நிதானமாக வாசிக்கக் கிளம்பிய பிள்ளைகளைப் பெரிய கம்பெனிகள் வாசலோடு திருப்பி அனுப்பின. அண்ணன் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தான். பதினாறு வருடத்தில் நாற்பத்தொரு இசைத்தட்டு. அந்த வகைக்குப் போஸ்ட்-பங்க் என்று பெயர் வைத்தார்கள். ஈரச்சுவர் இல்லாவிட்டால் நாங்களே இல்லை என்று யார் யாரோ பேட்டி கொடுக்கிறார்கள். அதற்காகத்தான் இன்று சாயங்காலம் பழைய சினிமா கொட்டகை ஒன்றில் பாராட்டுக் கச்சேரி. ஒன்பது குழுக்கள். ஏற்பாடு, இசைத்தட்டுக் கடை வைத்திருக்கும் ஒருவர். அண்ணனின் பழைய வாடிக்கை. காலையிலிருந்து அவர் போன் மேல் போன் போட்டு, கார் அனுப்பவா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணியும் சளைக்காமல், "டாக்டர் நகரவே கூடாதுன்னுட்டார்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அண்ணி வெந்நீர் வைக்கப் போனாள். அண்ணன் கண்ணைத் திறந்தான்.

"கீச்சு. கடைசிப் பாட்டை நீ பாடேன்."

அவளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. முப்பத்தைந்து வருடம் கழித்துக் கேட்கிறான்.

கச்சேரியின் கடைசிப் பாட்டு என்றால் ஈரச்சுவரின் முதல் பாட்டு. இந்த அறையில்தான் பதிவு செய்தார்கள். அண்ணன் கிட்டார், தாளத்துக்கு ஒரு சின்ன இயந்திரம், வார்த்தையும் குரலும் கீச்சுடையது. வேகமான பாட்டு, துள்ளிக்கொண்டு ஓடும். பத்தொன்பது வயதுப் பெண் கோபத்தில் மாடிப்படி இறங்கினால் எப்படி இருக்கும், அப்படி. நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று ஓட வேண்டிய தட்டு. ஐந்நூறு தட்டும் நடுவில் வெறும் வெள்ளைக் காகிதத்தோடு வந்து இறங்கின. ரப்பர் முத்திரை குத்துவது கீச்சின் வேலை. கம்பெனிப் பெயருக்கு ஒன்று, வேகத்துக்கு ஒன்று. பெயரைக் குத்தி முடித்தபோது மை வற்றிவிட்டது.

"வேகம் போடலையேடி" என்று அண்ணன் கேட்டான்.

"போட்டுக் கேட்டாலே தெரிஞ்சிடாதா? அவ்ளோ மக்காவா இருப்பாங்க?" என்றாள் அவள்.

ஒருத்தருக்கும் தெரியவில்லை. வானொலிக்காரர் அதை முப்பத்துமூன்று சுற்றில், மெதுவாக ஓட்டினார். சமையலறையில் அண்ணனும் தங்கையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கிட்டார் கனத்து, சேற்றில் கால் வைத்த மாதிரி நடந்தது. கீச்சின் குரல் ஓர் ஆணின் குரலாகி, எல்லாவற்றையும் இழந்துவிட்ட ஆள் பேசுவது போல வந்தது. இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பாட்டு முடிந்ததும் வானொலிக்காரர் ஊசியைத் தூக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "யார் இந்த மனிதர்?" என்றார். சிரிப்பு அங்கே நின்றது.

கடிதங்கள் வந்து குவிந்தன. அந்த மனிதர் சிறையில் இருப்பதாக ஒருவன் எழுதினான். கடலில் விழுந்து செத்துவிட்டார் என்று இன்னொருவன். அவர் கல்லறையில் பூ வைத்துவிட்டு வந்ததாகக்கூட ஒரு மகானுபாவன் பேட்டி கொடுத்தான். அந்த இழுவையைக் கேட்டுத்தான் மற்ற குழுக்கள் இந்த வாசலுக்கு வந்தன. ஒரு பிசகை ஊர்ப்பட்ட பேர் பாணி என்று உட்கார்ந்து பயின்றார்கள்.

இரண்டாம் முறை தட்டு அடிக்கும் முன், அண்ணன் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"உண்மையச் சொல்லிடலாமா கீச்சு?"

அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "உன் இஷ்டம்ணா."

உன் இஷ்டம் என்றால் சொல் என்று அர்த்தம். அதுகூடப் புரியாதா ஓர் அண்ணனுக்கு? புரியவில்லையோ, புரிந்துதான் புரியாத மாதிரி இருந்தானோ. மறுவாரம் அவனே புதிதாக ஒரு முத்திரை வாங்கிவந்து குத்தினான்: முப்பத்துமூன்று. கீச்சு பக்கத்தில் உட்கார்ந்து உறைக்குப் பசை தடவினாள். அடுத்த தட்டுக்குப் பாடக் கூப்பிட்டபோது தொண்டை சரியில்லை என்றாள். அதற்குப் பிறகு அவன் கூப்பிடவில்லை. ஏழு வருடம் உறை ஒட்டினாள். கல்யாணமாகிப் போனாள். பாட்டைப் பற்றி இருவரும் பேசவே இல்லை.

இப்போது கேட்கிறான், பாடேன் என்று. வாயில் குழாய் வைக்காத குறையாகப் படுத்துக்கொண்டு.

"ஏன், எனக்கு மீசை முளைச்சிருக்கா?" என்றாள் கீச்சு.

அண்ணன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. அவள் நெஞ்சை நீவிவிட்டாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "பேசாதண்ணா, தூங்கு" என்று போர்வையை இழுத்துவிட்டாள். டம்ளரைக் கழுவ வெளியே போனாள். கழுவியதைத் துடைத்து, துடைத்ததை இன்னொரு தரம் துடைத்து, கோபம் ஆறியதும் திரும்பி வந்தாள். அண்ணன் போயிருந்தான். மணி நாலே கால்.

எத்தனையோ சொல்லியிருக்கலாம். பாடறேண்ணா என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

டாக்டர் வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அண்ணி அழுது முடித்து, முகம் கழுவி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அலமாரி இசைத்தட்டுகளைப் பார்த்தபடியே சொன்னாள்:

"தனியா இருக்கறப்ப அவர் அந்த முதல் தட்டை வேகமாத்தான் போடுவார், தெரியுமா? உன் குரல்ல. நான் உள்ள வந்தா டக்குனு நிறுத்திடுவார். எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு."

கீச்சு அண்ணியின் பக்கம் திரும்பினாள். "இதை ஏன் அண்ணி என்கிட்ட சொல்லலை?"

"நீ பாட்டுப் பேச்சை எடுத்தாலே எழுந்து போயிடுவியே."

அது உண்மைதான்.

அண்ணி தலையணைக்கு அடியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள். "மேடையில படிக்கணும்னு எழுதி வச்சார். அவர் போயிட்டதைப் போன்ல சொல்லாத, நேர்ல போய்ச் சொல்லு. கச்சேரிய நிறுத்திட வேண்டாம்னு சொல்லு. நிறுத்தினா அவருக்குப் பிடிக்காது. அதுவரைக்கும் நான் அவர் பக்கத்துல இருக்கேன்."

"உங்களைத் தனியா விட்டுட்டா?"

"முப்பது வருஷமா இந்த ரூம்லயே கிடந்து அவர் என்னைத் தனியா விட்டதே இல்லையா? போ."

வண்டியில் போகும்போது கீச்சு காகிதத்தைப் பிரித்தாள். அண்ணனின் கோழிக் கிறுக்கல். நாற்பத்தொரு தட்டையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லியிருந்தான். வேன் ஓட்டியவர், மேளம் இரவல் தந்த பள்ளிக்கூட வாத்தியார், சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட பக்கத்து வீட்டுத் தையல்காரர் வரைக்கும் விடவில்லை. நாலாவது தட்டில், 'உறை ஒட்டியவள் என் தங்கை. விரலெல்லாம் பசை' என்று இருந்தது. முதல் வரியில்தான் ஒன்றும் இல்லை. 'முதல் தட்டு' என்று எழுதி, அதற்கு எதிரே பாதிப் பக்கம் வெள்ளையாக விட்டிருந்தான். பேனாவை ஊன்றி ஊன்றி எடுத்த புள்ளிகள் மட்டும் நாலைந்து தெரிந்தன.

கொட்டகையில் எள் போட்டால் விழாத கூட்டம். மேடைக்குப் பின்னால் கடைக்காரரிடம் சேதியைச் சொன்னாள். அந்தப் பெரிய உருவம் ஒலிபெருக்கிப் பெட்டி மேல் உட்கார்ந்து குலுங்கிற்று. பக்கத்தில் நின்றிருந்த கட்டைக்குரல்காரர் தொப்பியைக் கழற்றினார். கடைசிப் பாட்டைப் பாடப் போகிறவர் அவர்தான். இருபது வருடமாக மேடை மேடையாக அதைப் பாடித்தான் அவருக்கு அந்தப் பெயரே வந்தது.

"அந்தக் குரல் யாருன்னு அவர்கிட்ட எவ்வளவோ கேட்டுப் பார்த்துட்டேன். சொல்லவே மாட்டேன்னுட்டார். உங்களுக்காவது தெரியுமா?" என்றார் கட்டைக்குரல்காரர்.

நல்ல மனுஷர். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. கீச்சு தலையை ஒரு மாதிரி ஆட்டினாள். அது ஆமாமா இல்லையா என்று அவருக்கும் விளங்கவில்லை.

ஒன்பது குழுக்களில் எட்டு வாசித்து முடித்ததும், கடைக்காரர் அவளை மேடைக்கு அழைத்துப் போய் ஒலிவாங்கி முன் நிறுத்தினார். வெளிச்சத்தில் கண் கூசியது. எதிரே கருப்புச் சட்டைகளாக ஒரு கடல்.

"நான் அவரோட தங்கச்சி. அண்ணன் இன்னிக்கு நாலே காலுக்கு இறந்துட்டார்."

எங்கோ ஒரு பெண் "ஐயோ" என்றாள். கீச்சு காகிதத்தைப் பிரித்தாள்.

"இதைப் படிக்கணும்னு எழுதி வச்சிருந்தார். முதல் தட்டு..."

அங்கே நின்றாள். சொல்லிவிடலாம். ஒரே ஒரு வாக்கியம். முப்பத்தைந்து வருடமாக நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்கியது. அந்தக் குரல் என்னுது. நான்தான் அந்த ஆள். சொன்னால் நம்புவார்கள், அண்ணன் மாதிரியே மூக்கு, அவன் எழுதிய காகிதம் கையில். நம்பிவிட்டு, இப்போதுதான் கண்ணை மூடியவனைப் பொய்யன் என்பார்கள். ஓரத்தில் தொப்பியைக் கையில் பிடித்தபடி அந்த நல்ல மனுஷர் வேறு நிற்கிறார். அன்றைக்குச் சமையலறையிலேயே திரும்பி, சொல்லுண்ணா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்! யாருக்கும் நஷ்டமில்லாமல் முடிந்திருக்கும். அவனும் இந்த வெள்ளைக் காகிதத்தோடு போராடியிருக்க மாட்டான்.

வாய் திறந்தது. குரல் வரவில்லை.

துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று கூட்டம் நினைத்துக்கொண்டது. முன்வரிசையில் ஒருவர் கைதட்டினார். அது பரவிக் கொட்டகை முழுக்கக் கைதட்டல். எழுந்து நின்று தட்டினார்கள். முடியும்போது அவள் இரண்டாம் தட்டிலிருந்து படித்துக்கொண்டிருந்தாள். மீதி நாற்பதையும் ஒன்று விடாமல் படித்தாள்.

படித்து முடித்ததும் பக்கவாட்டுப் படி வழியாக இறங்கிக் கூட்டத்தோடு நின்றுகொண்டாள். கிளம்பியிருக்கலாம், அண்ணி தனியாக இருக்கிறாள். ஆனாலும் காகிதத்தை நாலாக மடித்தபடி நின்றாள்.

கடைசிப் பாட்டு தொடங்கியது. கிட்டார் சேற்றில் நடந்தது. கட்டைக்குரல்காரர் முதல் வரியைப் பாடினார், இரண்டாவதில் உடைந்துவிட்டார். ஒலிவாங்கியைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூட்டம் பாட்டை எடுத்துக்கொண்டது. ஆணும் பெண்ணும், நரைத்ததும் நரைக்காததுமாக, அடிவயிற்றிலிருந்து, ஒவ்வொரு வார்த்தையையும் இழுத்து இழுத்து. பத்தொன்பது வயதில் கோபத்தில் கிறுக்கியதெல்லாம் இவர்களுக்கு மனப்பாடம்.

கீச்சும் பாடினாள். எப்போது வாய் திறந்தது என்று அவளுக்கே தெரியாது. ஆனால் அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேகம்தான். கூட்டம் பாதி வரியில் இருக்கும்போது அவள் வரியை முடித்துவிட்டாள். அடுத்த வரியை எடுத்தாள். அதையும் முன்னாலேயே முடித்துவிட்டு நின்றாள். கண்ணிலிருந்து நீர் அதுபாட்டுக்கு வழிந்தது.

பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். இருட்டில் கீச்சை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு கீச்சின் முழங்கையை மெல்லப் பிடித்துக்கொண்டு, காதருகே குனிந்தாள்.

"ஆன்ட்டி, அவசரப்படாதீங்க. இந்தப் பாட்டை இவ்ளோ வேகமாப் பாடக் கூடாது. என்னோட சேர்ந்து பாடுங்க, வந்துடும்."

"சரிம்மா" என்றாள் கீச்சு.

அந்தப் பெண்ணின் வாயைப் பார்த்துக்கொண்டு, அடுத்த வரிக்காகக் காத்து நின்றாள்.