இடது கால் கியர்

‘பார்ட்டு கிடைக்காது’ என்று சொல்கிற மெக்கானிக்கைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கிடைக்காவிட்டால் தேடு. தேடியும் இல்லையென்றால் லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கு. இப்படி வாய் கிழியப் பேசித்தான் ஐயம்பேட்டை ரோட்டில் என் பட்டறையை நடத்தி வந்தேன். அந்த வாயை நம்பித்தான் காசிநாதனும் வந்தான்.

காசிநாதன் என் வயதுக்காரன், ஐம்பத்தாறு. பட்டுத்தறி நெய்கிறவன். அவனிடம் எழுபத்தோராம் வருஷத்துப் புல்லட் ஒன்று இருந்தது. ரோட்டு வண்டி இல்லை, ட்ரையல்ஸ் போட்டிக்கென்றே மாற்றிக் கட்டியது. சைலன்சர் இடுப்பு உயரத்தில் இருக்கும், சீட் என்று பேருக்கு ஒரு திண்டு. ட்ரையல்ஸில் வேகத்துக்கு மதிப்பே இல்லை. பாறை, பள்ளம், செங்குத்து ஏற்றம் எல்லாவற்றிலும் நின்றபடியே மெதுவாக, கால் ஊன்றாமல் போய்ச் சேர வேண்டும். கால் தரையில் பட்டால் பாயிண்ட் போச்சு. சென்னைக்காரர் ஒருவரின் மகளுக்கு முகூர்த்தப் புடவை நெய்து கொடுத்து, கூலிக்குப் பதில் அந்த வண்டியை ஓட்டி வந்துவிட்டான் இவன். அன்றிலிருந்து திருமுக்கூடல் பக்கத்துப் பழைய கல்குவாரியில் நடக்கும் போட்டியை ஒரு வருஷம்கூட விட்டதில்லை.

போன வருஷம் சர்க்கரை வியாதியில் வலது கால் கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். பழைய புல்லட்டில் கியர் வலது பக்கம். முதல் கியருக்கு லீவரை விரலால் மேலே தூக்க வேண்டும். தூக்க விரல் இல்லை.

“அமுக்கறதுன்னா அமுக்கிடுவேன்பா, தறியே மிதிக்கிறேன். தூக்கறதுதான் வரமாட்டேங்குது” என்றான்.

கூடவே அவன் மகள் ஜீவிதா வந்திருந்தாள். ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலை, அன்று லீவு போட்டிருந்தாள்.

“மாமா, நீங்களாவது சொல்லுங்க. அந்தக் காலுல இன்னொரு அடி பட்டா கணுக்காலோட எடுத்துடணும்னு டாக்டர் சொல்லிக்கிறாரு. இவரு வண்டி வண்டின்னு சொல்லிக்கினு இருக்கறாரு.”

“ஒரே ஒரு தபாம்மா” என்றான் காசிநாதன். “இந்த வருஷம் கால் ஊனாம ஏறிட்டா வண்டி என்னுது. ஒரு தபா ஊனிட்டாலும் சாவி உன்னுது. அப்புறம் தொடமாட்டேன்.”

மூன்று நாள் சண்டைக்குப் பிறகு அப்பனும் மகளும் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் முடியாது என்று சொல்வேன் என்று. எனக்கு எங்கே அந்தப் புத்தி?

“இவ்ளோதானே! கியரை இடது காலுக்கு மாத்திட்டா போச்சு” என்றேன்.

மாற்றினேன். இந்தக் காலத்து கியர்பாக்ஸ், முதல் கியருக்கு இடது காலால் கீழே அழுத்தினால் போதும். பின் பிரேக் வலது காலுக்கு வந்தது, அதுவும் அழுத்துகிற வேலைதான். இன்ஜினுக்குப் பொறி கொடுக்கிற, அடிக்கடி மக்கர் பண்ணும் பழைய பாயிண்ட் செட்டைக் கழற்றி எறிந்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் வைத்தேன். முன்னால் டிஸ்க் பிரேக். மூன்று நாள் நானே ஓட்டிப் பார்த்தேன். வெண்ணெயாகப் போனது. காசிநாதன் பட்டறைக்குப் பின்னால் ஒரு வாரம் பழகினான். அவன் கியரைக் குறைக்கும்போது இரண்டு தடவை வண்டி நின்றுபோனது. ‘புது கிளட்ச், அப்படித்தான் இருக்கும்’ என்று கேபிளைச் சரிபண்ணிக் கொடுத்தேன். மடையன் நான், அவன் காலைப் பார்க்காமல் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போட்டியன்று முதல் இரண்டு கட்டத்தையும் சுத்தமாகத் தாண்டினான். ஜீவிதாகூட கைதட்டினாள். மூன்றாவதுதான் பெரிய ஏற்றம். பாறைக்கு இரண்டு பக்கமும் ரிப்பன் கட்டியிருந்தார்கள். ரிப்பனுக்கு வெளியே இருப்பவன் கை வண்டியில் பட்டால் அந்தக் கட்டமே தோல்வி. அதனால் நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, உச்சித் திருப்பத்தின் ஓரமாக நின்றேன். மேலே நான்கு அடி பாக்கி. திருப்பத்தில் முதல் கியருக்கு இறங்க வேண்டும்.

அவன் இடது கால் அழுத்தியது. அடுத்த நொடி, யாரும் சொல்லாமலே, வலது காலும் அழுத்தியது.

நாற்பது வருஷமாகத் தறிக்குழியில் இறங்கியிருந்த கால்கள். இடது மிதி கீழே போனால் வலது மிதி தானாகக் கீழே போகும். லீவரை மேலே தூக்குகிற பழைய கியரில் அந்தப் பழக்கத்துக்கு வேலை இல்லாமல் இருந்தது. நான்தான் அவனுக்கு இரண்டு பக்கமும் மிதி வைத்துக் கொடுத்திருக்கிறேன். இதெல்லாம் புரிவதற்குள் பிரேக் பிடித்து, இன்ஜின் அடங்கி, வண்டி வலது பக்கம் சாய்ந்தது. கை நீட்டினால் எட்டும் தூரம். தொட்டால் தோற்றுவிடுவானே என்று நினைத்தேன். கடவுளே, அந்த நேரத்தில் அதையா நினைத்தேன்! கட்டிய கையை நான் பிரிப்பதற்குள் அவன் அந்த வலது காலைப் பாறையில் ஊன்றினான். நூற்றைம்பது கிலோ இரும்பு அதன்மேல் இறங்கியது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். காசிநாதன் தூங்கிக்கொண்டிருந்தான். வலது காலில் முழங்கால்வரை கட்டு. இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும் என்றாராம் டாக்டர். எதைச் சொல்வார் என்று ஜீவிதா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பாறையில் நடந்ததை மட்டும் அவளிடம் சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

“தூக்கத்துலகூட அவருக்கு ரெண்டு காலும் மாறி மாறி அமுங்கும் மாமா. சின்ன வயசுலேர்ந்து பாத்துக்கினு இருக்கறேன். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றாள்.

வண்டிச் சாவி அவள் கைக்குள் இருந்தது.

காசிநாதன் கண் விழித்தான். மகளைப் பார்த்தான், சாவியைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

“ராமராஜா, பின் பிரேக்கைக் கைக்கு மாத்திட்டா இந்தக் காலுக்கு வேலையே இல்லல்ல? அதுக்குப் பார்ட்டு வருதாமே?”

வருகிறது. கைப்பிடியில் கட்டைவிரலால் அழுத்துகிற சின்ன லீவர். சென்னைக்கு ஒரு போன் போட்டால் சாயங்கால பஸ்ஸில் வந்துவிடும்.

“அந்தப் பார்ட்டு கிடைக்காதுபா” என்றேன்.

“உனுக்கா கிடைக்காது?”

நான் அவன் காலில் போட்டிருந்த கட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனான். போர்வைக்குள் இடது கால் மெல்ல அமுங்கியது. கட்டுப் போட்ட காலும் அமுங்கப் பார்த்து, வலியில் வெடுக்கென்று நின்றது. மறுபடியும் இடது கால் அமுங்கியது.