நாற்பதுக்கு மேல் மிதிக்காமல்

வேனைப் பின்னுக்கு எடுத்தால்தான் பறைமேளக்காரர் நிற்க இடம் வரும் என்று சித்தப்பா சொன்னார். உதயரூபன் ஈர வேட்டியோடு ஏறியிருந்து சாவியைத் திருப்பினான். மிதித்ததும் அந்தச் சத்தம் எழும்பியது, கொதிக்கிற கேத்தலின் விசில் மாதிரி. பந்தலுக்குள் சவப்பெட்டியில் கிடக்கிற அம்மாவுக்கும் அது கேட்டுவிடும் போல இருந்தது அவனுக்கு.

சத்தம் வரத் தொடங்கி இரண்டு கிழமை. நானா என்று அவன் கூப்பிடுகிற ஏறாவூர் மெக்கானிக் முனாஸிடம் அப்போதே போனில் கேட்டிருந்தான்.

"இஞ்சினுக்குக் காத்து அடிக்கிற டேர்போ போகப்போகுது போல தம்பி. புதுசு போடலாம், இல்லாட்டி கழட்டி உள்சாமான் மாத்தலாம். எதுக்கும் கொண்டா, திறந்து பாத்துச் சொல்றன். அதுவரைக்கும் நாப்பதுக்கு மேல மிதிச்சிராத. டேர்போக்குள்ள சுத்துற சிறகு உடைஞ்சா இஞ்சினே போயிரும்."

உதயரூபன் அதில் லேசானதைப் பிடித்துக்கொண்டான். வேனை மெதுவாக ஓட்டினான். திறந்து பார்த்தால்தானே கோளாறு தெரியும், வந்த சத்தம் ஒருநாள் தன்பாட்டில் போகாதா என்று நினைக்கிற ஆள் அவன். நாளைக்குக் கொண்டுபோவம், நாளைக்குக் கொண்டுபோவம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளை நாற்பதிலேயே ஏற்றி இறக்கினான்.

நேற்றுக் காலை அம்மா மங்கையற்கரசி சோற்றுப்பானையை இறக்கி வைத்துவிட்டு, நெஞ்சைப் பிடித்தபடி அடுப்படியில் குந்திவிட்டாள். வாசலில் வேன் நிற்க ஆம்புலன்ஸுக்கு யார் காத்திருப்பது? அவன் மனைவி யசோதினி பின்னால் ஏறி மாமியின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். பதுளை வீதியில் இரண்டு பக்கமும் வயல் வட்டை. எதிரே ஒரு வாகனம் இல்லை. வேக முள் நாற்பதில் நின்றது.

"கொஞ்சம் மிதிங்களன்."

"பதறாத காரியம் சிதறாது. நடு வட்டைக்க வேன் நிண்டா என்ன செய்யிற?"

செங்கலடிச் சந்தி தாண்டும்போது இன்னொரு தரம் கேட்டாள். மூன்றாம் தரம் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"இப்பதான் உயிர் போயிருக்கு. ஒரு கால்மணித்தியாலம் முந்தியிருந்தா ஏதாச்சும் செஞ்சி பாத்திருக்கலாம்."

செத்தவீட்டுக்கு வந்தவர்கள் விதி முடிந்தது என்றார்கள். அவர்களுக்கு அது போதும். அவனுக்கு அந்தக் கால்மணித்தியாலத்துக்குப் பதில் வேண்டியிருந்தது. மிதித்திருந்தால் இஞ்சின் போயிருக்கும், அம்மா நடுவீதியில் வேனுக்குள்ளேயே போயிருப்பாள், வேறு வழி இருக்கவில்லை. விடியும்வரை இதைத்தான் தனக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

முனாஸ் வாசல் கடப்படியால் வந்தவர் வேனின் விசிலைக் கேட்டு நின்றார். மெக்கானிக்கின் காது, செத்தவீடென்றாலும் சும்மா இருக்காது.

"இன்னும் கொண்டு வரல்லியா நீ? இறங்கு, பாப்பம். இந்த நேரத்தில உனக்கு இதுவும் ஒரு தலையிடியா?"

வேண்டாம் என்று சொல்ல நினைத்தபடியே உதயரூபன் இறங்கினான். முனாஸ் முன் இருக்கையைத் தூக்கி, டோர்ச் அடித்து, உள்ளே கையைவிட்டுத் தடவினார். மோட்டார்சைக்கிள் பெட்டியிலிருந்து ஒரு ஸ்குறூ ட்ரைவர் எடுத்து வந்தார். நாலு திருகு. கையைத் துடைத்துக்கொண்டு சிரிக்கப் போனவர், இடத்தை நினைத்து அடக்கிக்கொண்டார்.

"இப்ப ஸ்டார்ட் பண்ணி மிதி."

ஏறி மிதித்தான். இஞ்சின் மட்டும் இரைந்தது. விசில் இல்லை.

"டேர்போ கல்லுமாதிரி இருக்கு. காத்துப் போற ரப்பர் குழாய்ட கிளிப்பு இளகியிருக்கு, அவ்வளவுதான். பொல்லாத காலத்திலயும் ஒரு நல்லது."

"அப்ப மிதிச்சி ஓடியிருக்கலாமா நானா?"

"இழுவை கொஞ்சம் குறையும், புகை தள்ளும். மத்தப்படி எண்பதில ஓடினாலும் ஒண்டும் ஆயிராது."

உதயரூபன் ஸ்டியறிங்கைப் பிடித்தபடி இருந்தான். முனாஸ் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு பின் இருக்கையில் சுருண்டு கிடந்த போர்வையைப் பார்த்தார்.

"அம்மாவ இதிலயா கொண்டு போன?"

அவன் தலையாட்டினான்.

"நான் போன்ல நாப்பதெண்டு..." என்றார் முனாஸ். ஸ்குறூ ட்ரைவரைக் கையிலேயே வைத்துக்கொண்டு பந்தல் பக்கம் போய், ஆண்கள் இருந்த கடைசிக் கதிரைக்குப் பக்கத்தில் நின்றார்.

பறை தொடங்கியது. பெட்டியை மூடப்போகிறார்கள், மகனைத் தேடுகிறார்கள் என்று யசோதினி கூப்பிட வந்தாள். வேனுக்குப் பக்கத்தில் வந்ததும் ஒரு கணம் காதுகொடுத்தாள்.

"சத்தம் நிண்டுட்டுப் போல?"

"ஓம்."

"என்னவாம்?"

"ஒண்டுமில்லையாம்."

அவள் அவனைப் பார்த்தாள். பின்கதவைத் திறந்து, இருக்கைக்கு அடியில் கிடந்த மாமியின் ஒற்றைச் செருப்பை எடுத்தாள். அதில் இருந்த மண்ணைச் சீலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே பந்தலுக்குள் போனாள்.