அறுநூறு கஜம்

இருபத்திமூன்று வருடம் விண்ணப்பம் போட்டேன். இருபத்திமூன்றாவது வருடம் குலுக்கலில் என் பெயர் விழுந்தது. மலைக்கிடா, அதாவது மலையில் திரியும் காட்டுச் செம்மறிக் கிடா, வேட்டைக்கான அனுமதிச் சீட்டு. ஒரு கிடா, ஒரே பருவம், அக்டோபர் முப்பத்தொன்றோடு சரி. ஒருவருக்கு ஆயுளில் ஒரு தடவைதான். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. விஷயம் பரவியதும் எங்கள் வயோமிங் பக்கத்து ஆட்கள், முன்பின் பேசாதவர்கள்கூட, பெட்ரோல் பங்கில் வந்து கைகுலுக்கினார்கள். அத்தனை பேரும் வயிறு எரிந்துகொண்டே சிரித்தார்கள்.

என்னால் சும்மா இருக்க முடியாது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். சிக்னலில் நிற்கும் அரை நிமிடத்திலும் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே இருப்பேன். என்னிடம் கடையில் வாங்கிய துப்பாக்கி ஒன்று இருந்தது. பத்து வருடமாக அதில்தான் மான் அடித்துக் கறி தின்கிறோம். நூறு கஜத்தில் மூன்று குண்டும் ஓர் உள்ளங்கைக்குள் விழும். மானுக்கு அது தாராளம். ஆனால் கிடா கிட்டவே விடாது, எதிர் மலையில் நின்றுகொண்டு வேடிக்கை பார்க்கும் என்றார்கள். நூறு கஜத்தில் உள்ளங்கை என்றால் அறுநூறில் அது ஸ்டியரிங் சக்கரம் அளவுக்கு விரிந்துவிடும். அன்றிலிருந்து எனக்கு அறுநூறு என்ற எண்தான் வேதம்.

முதலில் ட்ரிக்கரை மாற்றினேன். பழையது முரண்டு பிடிக்கும். புதியது நினைத்தாலே போதும், சுடும். அடுத்து, கட்டையும் இரும்பும் சேரும் இடுக்கில் பசை ஊற்றி அசையவிடாமல் இறுக்கினேன். பசை காயும்வரை இரண்டு நாள் சாப்பாட்டு மேசையில் துப்பாக்கி கிடந்தது; நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். குண்டுகள் நெருங்கின. எனக்குப் போதவில்லை. துப்பாக்கிப் பட்டறை டெஷ்ஷிடம் கொடுத்துப் குழலையே மாற்றினேன். இன்னும் நெருங்கின. அப்போதும் போதவில்லை.

"பழசுல மிச்சம் இருக்கறது தோள்வார் மட்டுந்தான் ரோவினா," என்றான் என் கணவன் வெர்லின். "அதையும் மாத்திட்டா, துப்பாக்கியக் காணோம்னு போலீஸ்ல எழுதிக் குடுத்துடலாம்."

டெஷ்ஷும் ஒரு கட்டத்தில் கையெடுத்துக் கும்பிடாத குறைதான். "இதுக்கு மேல நோண்டாதீங்க. துப்பாக்கி இப்ப உங்கள விட நல்லாச் சுடுது."

"அப்ப என்னை மாத்து."

"அதுக்கு என்கிட்ட ஸ்பேர் கெடையாதும்மா."

கடைசியாகப் பெரிய ஸ்கோப் ஒன்று. அதன் தலையில் ஒரு திருகு உண்டு. எத்தனை கஜமோ அந்த எண்ணுக்குத் திருப்பினால், குண்டு தூரத்தில் இறங்குவதற்கு ஈடாகத் துப்பாக்கி அந்த அளவு மேலே பார்க்கும். ஆகஸ்ட் முழுக்க மாலையில் சரளைக் குழிக்குப் போய் அறுநூறு கஜத்தில் தொங்கும் இரும்புத் தகட்டைச் சுட்டேன். பத்தில் ஒன்பது பட்டது. கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொன்னேன், பத்தில் ஒன்பது என்று.

பருவம் பிறந்தது. செப்டம்பர் முழுக்கப் பெட்டைகளும் குட்டிகளும்தான் கண்ணில் பட்டன. அக்டோபரில் பனி கொட்டியது. வெர்லினின் முழங்கால் வீங்கியது, அவனும் விடவில்லை, நானும் விடவில்லை. கடைசியில் கடைசி நாளும் வந்தது.

மதியத்திலிருந்து ஒரு பள்ளத்தாக்கின் விளிம்பில் படுத்துக்கிடந்தோம். எதிர்ப் பாறைச் சரிவு கணக்காக அறுநூறு கஜம். திருகை ஆறில், அதாவது அறுநூறில், வைத்தேன், உருப்பெருக்கத்தைக் கடைசிவரை ஏற்றினேன். காத்திருந்தேன் என்று சொன்னால் பொய். புரண்டேன், கையுறையைக் கழற்றினேன், மாட்டினேன்.

"ஒழுங்கா படு. ஆட்டுக்குக் காது இருக்கு," என்றான் வெர்லின். சொன்னவன் சட்டென்று என் கணுக்காலைப் பிடித்தான்.

எதிர்ச் சரிவில் இல்லை. எங்களுக்கு நேர் கீழே, அறுபது கஜத்தில், ஒரு பாறைக்குப் பின்னாலிருந்து கிடா நடந்து வந்தது. கொம்பு முழு வட்டம் சுற்றியிருந்தது. ஸ்கோப்பில் பார்த்தால் வெறும் பழுப்பு மயிர். எது தோள், எது தொடை என்று தெரியவில்லை. பதறிப்போய் உருப்பெருக்கத்தைக் குறைத்தேன். தோள் தெரிந்தது. சுட்டேன். கிடாவின் முதுகுக்கு மேலே பாறை தெறித்தது. அது தலையைத் திருப்பி என்னைப் பார்த்துவிட்டுப் பள்ளத்தில் குதித்து மறைந்தது.

"என்னாச்சு?"

"துப்பாக்கிதான். என்னமோ கழண்டுருக்கு. அந்த டெஷ்..." என்று வாய் நிறையத் திட்ட ஆரம்பித்தவள் திருகைப் பார்த்தேன். ஆறிலேயே நின்றது. அறுபது கஜத்தில் நிற்பதை அறுநூறுக்கு வைத்துச் சுட்டிருக்கிறேன். துப்பாக்கி நான் சொன்னதைத்தான் செய்தது. அவமானத்தில் முகம் கொதித்தது.

பத்து நிமிடத்தில் கிடா எதிர்ச் சரிவில் ஏறி, ஒரு திட்டில் பனியைக் காலால் பறித்துப் படுக்க இடம் செய்துவிட்டு நின்றது. வெர்லின் தூரம் அளந்தான்.

"அறுநூத்தி ரெண்டு. பக்கவாட்டுல நிக்குது. காத்தும் இல்ல. இதுக்குத்தானே இவ்வளவு பாடுபட்ட? அடி."

படுத்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ஸ்கோப்பின் குறிக்கோடு தோளில் நின்றது. ஊரெல்லாம் ஒன்பது ஒன்பது என்று சொல்லித் திரிந்தவளுக்கு, அந்தப் பத்தாவது குண்டு ஞாபகம் வந்தது. தகட்டுக்குப் பின்னால் அது வெறும் புழுதி. இங்கே அது வயிறு. வயிற்றில் பட்ட கிடா அந்தப் பாறைகளுக்குள் போய் மூன்று நாள் சாகும்.

"கிட்டப் போறேன்," என்றேன்.

"பைத்தியமா உனக்கு? ஒரு மணி நேரந்தான் வெளிச்சம். நிக்கிறத விட்டுட்டு நடக்கப் போறேங்கிறியே!" முப்பது வருடத்தில் அவன் என்னிடம் அப்படிக் கத்தியதில்லை, அதுவும் கிசுகிசுப்பாக. "இருபத்திமூணு வருஷம் ரோவினா!"

திருகைக் கிட்டத்துக்கான பூஜ்யத்துக்கு இறக்கினேன். கீழே இறங்கி, ஓடையைத் தாண்டி, ஒரு முகட்டின் மறைவில் ஏறினேன். கல் உருளாமல் கால் வைப்பதற்குள் உயிர் போனது. இப்போது திரும்பிப் போய்ச் சுட்டால் என்ன என்று பாதி வழியில் தோன்றியது. மேலே போகப் போக, சுட்டிருக்கலாம், சுட்டிருக்கலாம் என்று மூச்சே சொன்னது. வெளிச்சம் தீர ஐந்து நிமிடம் இருக்கும்போது முகட்டுக்கு மேல் தலையை நீட்டினேன்.

திட்டு காலியாக இருந்தது. கிடா படுத்த இடம் மட்டும் மண் தெரியக் கிடந்தது. எதிர் விளிம்பில் வெர்லின் எழுந்து நின்று, கையை உச்சியைத் தாண்டிக் காட்டினான். அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. பிறகு கையைத் தொங்கப் போட்டான்.

துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து ஓவென்று அழுதேன். கையுறையைக் கழற்றி அது படுத்திருந்த மண்ணைத் தொட்டேன். இன்னும் சூடாக இருந்தது. சூடு போகும்வரை கையை எடுக்கவில்லை.