சவேரியம்மாவின் பிடியரிசி

...பொய் சொன்னதாக ஆகுமா அது, அரிசி இல்லை என்று சொன்னது, தன் அரிசி இல்லையே, கோயில் அரிசிதானே, உலையில் போடுமுன் ஒரு பிடி எடுத்து டின்னில் போட்ட அந்த நிமிஷமே அது ஆண்டவருடையதாகிவிட்டது, ஆண்டவர் அரிசியை ஊராருக்கு அள்ளிக் கொடுக்க அவள் யார்... சவேரியம்மா பால் டின்னை முந்தானைக்குள் இடுக்கிக்கொண்டு தோட்டத்து லயத்தைவிட்டு இறங்கினாள். ஞாயிற்றுக்கிழமை வெயில் அதற்குள் சுள்ளென்று ஏறியிருந்தது. நேற்று மத்தியானம் தாயம்மா வந்து நின்றாளே, கண்ணெல்லாம் உள்ளே போய், சேலைக்குப் பதிலாக ஒரு கோணியைச் சுற்றிக்கொண்டு. "அக்கா, ஒரு பிடி அரிசி இருந்தா குடுங்க. அவருக்கு சீதபேதி, மரவள்ளி வயித்துல நிக்கல. ரெண்டு வாய் கஞ்சி உள்ள போனா பொழச்சுக்குவாரு." அரிசி ஏது தாயம்மா, எல்லாரையும் போலத்தான் நானும் என்று சொன்னாள். சொன்னபோது குரல்கூட நடுங்கவில்லை, அதுதான் இப்போது உறுத்துகிறது, ஒரு தடவை திக்கியிருந்தாலாவது மனசாட்சி என்று ஒன்று இருப்பதாகச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

யாருக்குக் கஞ்சி? சன்னாசிக்கு. தோட்டத்து ஆட்களை மேய்க்கும் மண்டோர் சன்னாசிக்கு. ஏழு மாதத்துக்கு முன்னால் விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, சயாம் ரயில் பாதை வேலைக்கு எட்டுப் பேர் வேண்டும் என்று ஜப்பான்காரன் விரலைக் காட்ட, சன்னாசிதான் பேர் சொன்னான். அவள் அப்போது ஸ்டோர் பக்கம் மற்றப் பெண்களோடு நின்றாள், தூரம்தான், ஆனால் கண் பொய் சொல்லாதே, சன்னாசியின் கை அவள் புருஷன் சூசையின் தோளில் விழுந்ததைப் பார்த்தாள், அடுத்த நிமிஷம் அவர் முன்னால் நின்றார், அப்புறம் லாரி, அப்புறம் ஒன்றுமில்லை, ஒரு கடுதாசிகூட இல்லை. அதே சன்னாசியின் கல்யாணத்துக்கு மாலை தூக்கியவர் அவர், சாதிசனம் கிடையாது, வேதம் வேறு, இருந்தும் ஒரே தட்டில் தின்றவர்கள். தின்ற வாய்! அன்று சாயங்காலமே அவன் வாசலில் போய் நின்று மண்ணை வாரித் தூற்றினாள், கிறிஸ்தவச்சி செய்யக் கூடாததுதான், செய்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான், குற்றம் செய்தவன் வேறெப்படி நிற்பான்.

டின் கனக்கவில்லை, ஒரு வாரத்துக்கு ஏழு பிடி, அதுவும் சுண்ணாம்பு வாடை வீசும் நொய்யரிசி. மற்றப் பெண்களெல்லாம் பிடியரிசியை எப்போதோ விட்டுவிட்டார்கள், காய்ந்த மரவள்ளித் துண்டைக் கொண்டுவந்து வைக்கிறார்கள், அவள் ஒருத்திதான் அரிசி கொண்டுபோகிறாள். உபதேசியார் அலெக்சாண்டர், அந்தோணியார் திருநாளுக்கென்று அதைப் பெரிய தகரத்தில் கொட்டும்போது சலசலவென்று சத்தம் வரும், எல்லாத் தலையும் திரும்பும்... அந்தச் சத்தத்துக்காகவா கொண்டுபோகிறேன்? சீ, அவருக்காக, அவர் திரும்பி வருவதற்காக. ஆனாலும் அந்தச் சத்தம் பிடிக்கும், இல்லையென்று யாரிடம் சொல்வது. இன்னொன்றும் உண்டு. எல்லாரும் சேர்ந்து செபம் சொல்லும்போது, பிறர் குற்றத்தைப் பொறுக்கும் அந்த இடம் வந்ததும் அவள் வாயை மூடிக்கொள்வாள், ஏழு மாதமாக, நாற்பது பேர் சத்தத்தில் ஒரு வாய் குறைவது யாருக்குத் தெரியும். மனசில் இல்லாததைச் சொல்வதைவிட வாயை மூடுவது நல்லதுதானே? நல்லதென்றால் ஏன் ஒவ்வொரு தடவையும் யாராவது பார்த்தார்களா என்று கண் சுற்றுகிறது?

பால் வெட்டாமல் விட்ட ரப்பர் மரங்களின் நிழலில் பாதை இரண்டாகப் பிரிந்தது, வலது பக்கம் கோயில் கொட்டகை, இடது பக்கம் மண்டோர் வீடு. உபதேசியார் மணிக்குப் பதிலாகத் தண்டவாளத் துண்டைத் தட்டும் ஓசை கேட்டது. போ, நேரமாகிறது, செத்தால் சாகட்டும் என்றா சொல்கிறேன், இல்லை, அப்படிச் சொல்லவில்லை... சொல்லவில்லையா? நேற்று ராத்திரி படுத்திருக்கையில் தாயம்மாவும் என்னைப் போலத் தனியாகக் கிடக்கட்டும் என்று ஒரு நினைப்பு ஓடியதே, அது யாருடைய நினைப்பு? அவளுக்கு உடம்பு கூசியது. கால் இடது பக்கம் திரும்பிவிட்டது. நடக்க நடக்க உள்ளுக்குள் ஒரு பெருமிதமும் கூடவே வந்தது, பார், எனக்குக் கெடுதல் செய்தவனுக்கு நான் நல்லது செய்கிறேன், அவன் பார்க்கட்டும், பார்த்து வெட்கப்படட்டும். இதுவும் பாவக்கணக்கில் சேருமோ என்னவோ, சாமியார் வந்தால் கேட்கலாம், அவர்தான் ஒரு வருஷமாக வரவில்லையே.

தாயம்மா டின்னை வாங்கிக்கொண்டு அடுப்பங்கரைக்கு ஓடினாள். சன்னாசி பாயில் கிடந்தான், ஆள் பாதியாகிப் போயிருந்தான். அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உன்னை மன்னித்துவிட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் பேசிவிட்டான்.

"நான் அவன் பேரச் சொல்லல, தங்கச்சி. முருகையா பேரத்தான் சொன்னேன். பொண்டாட்டி இல்லாதவன், மூணு பொட்டப்புள்ளைங்க... சூசை தானா முன்னுக்கு வந்துட்டான். பின்னால போடான்னு தோளப் புடிச்சுத் தள்ளுனேன், கேக்கல."

ஏழு மாதம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"லாரில ஏறும்போது அவன்தான் சொன்னான். தானா போறேன்னு தெரிஞ்சா அவ ஒடஞ்சுடுவா, உன்னையத் திட்டிக்கிட்டு இருந்தா தெம்பா இருப்பா, திட்டட்டும் விடுன்னான்."

வெளியே வந்துவிட்டாள். ஒரு ரப்பர் மரத்தடியில் நின்றாள், கோயில் பக்கம் பாட்டு தொடங்கியிருந்தது. முருகையா வாரம் ஒரு கட்டு விறகை முகத்தைப் பார்க்காமல் வாசலில் போட்டுவிட்டுப் போவது இதற்குத்தானா, பாவி, நீயாவது சொல்லியிருக்கலாமே... மன்னிக்க வந்தவளுக்கு மன்னிக்க ஆள் இல்லாமல் போய்விட்டது. சன்னாசியை வெறுத்தது எவ்வளவு சுலபமாக இருந்தது, காலையில் எழுந்ததும் அதைப் பிடித்துக்கொண்டு எழலாம். மூன்று பெண் பிள்ளைகள் அப்பனோடு இருக்கிறார்கள், சின்னதற்கு நேற்றுத்தான் அவளே பேன் பார்த்துவிட்டாள், அது நல்லதில்லை என்று எந்த வாயால் சொல்வது? அவர் செய்தது சரிதான். சரி என்பதாலேயே ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கொடுத்தது உங்களை மட்டுமா, என்னையும் சேர்த்துத்தானே அள்ளிக் கொடுத்தீர்கள், ஒரு வார்த்தை கேட்டீர்களா, நான் வேண்டாமென்று சொல்லியிருப்பேன், அதனால்தான் கேட்கவில்லையா... கண்ணுக்கெட்டுகிற தூரத்தில்தானே நின்றேன், திரும்பிப் பார்க்கக்கூட இல்லையே. அவர் வந்தால் நன்றாகத் திட்டுவாள், ஊரே கூடும்படி திட்டுவாள், திட்டித் தீர்த்துவிட்டு மன்னித்தும் விடுவாள், அதில் சந்தேகமில்லை. வராமலே போய்விட்டால்? வராதவரை எப்படி மன்னிப்பது என்று எந்த உபதேசியாரும் இதுவரை சொல்லித் தரவில்லை.