தெர்மோகோல் குன்று

"என் குன்னுல கத்திய வெச்சது யாருன்னு மட்டும் சொல்லு."

"நான் என்ன சொல்ல வரேன்னா, நாளைக்குக் காலையில—"

"நாளைக்குக் காலையப் பத்தி நான் கேக்கல. கத்தி."

"—காட்சி தொடங்கறதுக்குள்ள மேசை போட்டாகணும். அத மொதல்ல யோசி, தாயே."

"ரொட்டி அறுக்கற கத்தி. பல்லு பல்லாத் தடம் தெரியுது பாரு. ஐவி, உன் ரொட்டிக் கத்தி எங்க?"

ஐவி நான்தான். சிற்றாலயத்துக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில், அடுக்களைச் சாளரம் வழியாக இவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுப்பவள். கத்தி கழுவு தொட்டியில் கிடந்தது. அதன் பற்களுக்கிடையில் வெள்ளை வெள்ளையாக மணிகள் ஒட்டியிருந்ததைக் கொஞ்சம் முன்னால்தான் பார்த்தேன். யாரோ பாலாடைக்கட்டி நறுக்கிவிட்டுக் கழுவாமல் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து மனதுக்குள் திட்டினேன். இப்போது எடுத்து நீட்டினேன். தெல்மா அதை வாங்கி ரோலண்டின் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

தெர்மோகோல் மணி. குன்றின் சதை.

ரோலண்ட் எங்கள் ஊர்ப் போர்விளையாட்டுக் கழகத்தின் தலைவர். சுரங்கம் மூடுவதற்கு முன்பு அங்கே மேற்பார்வையாளராக இருந்தவர். ஆளை ஏவும் குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. செவ்வாய்தோறும் சாயங்காலம் பத்துப் பதினைந்து ஆண்கள் இங்கே கூடுவார்கள். மேசைகளைச் சேர்த்துப் போட்டு, சுண்டுவிரல் உயர ஈயச் சிப்பாய்களை அணிவகுத்து நிறுத்தி, பகடை உருட்டி, அளவு நாடா பிடித்து, என்றைக்கோ முடிந்துபோன சண்டைகளை மறுபடி போடுவார்கள். சிப்பாய்கள் அவர்களுடையவை. கடையில் வாங்கி, மூக்குக்கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு வர்ணம் பூசுவார்கள். ஆனால் சிப்பாய் நிற்கும் தரை தெல்மாவுடையது.

அவள் பள்ளிக்கூட அடுக்களையில் சமைத்தவள். எதையும் தூக்கிப் போட மாட்டாள். யார் வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் வாங்கினாலும் அதைச் சுற்றி வந்த தெர்மோகோல் இவள் வீட்டுக்குப் போய்விடும். குளிக்கும் பஞ்சைப் பிய்த்துப் பச்சை வர்ணத்தில் ஊறவைத்து வேலிச்செடி ஆக்குவாள். வாசலில் கால் துடைக்கும் தேங்காய்நார் மிதியடியைக் கீறிப் பிரித்து, விளைந்த கோதுமை வயல் என்பாள். கிழிந்த துவாலை கூரை வேய்ந்துவிடும். நான் குடித்துப்போட்ட தேயிலைப் பைகளைக்கூட விடுவதில்லை. அடுப்பில் காயவைத்து, பசைமேல் தூவினால் காட்டுத் தரை. மூக்கை வைத்து முகர்ந்தாலொழியக் கண்டுபிடிக்க முடியாது.

நாளைக்கு நகரத்தில் வருடாந்திரக் காட்சி. ஒவ்வொரு ஊர்க் கழகமும் ஒரு மேசை போடும். இந்த வருடம் எங்கள் மேசையில், இங்கிலாந்தின் பழைய உள்நாட்டுப் போரில் நடந்த ஆற்றுத்துறைச் சண்டை. ராஜாவின் குதிரைப்படை செங்குத்தான குன்றிலிருந்து ஒற்றையடிப் பாதையில் இறங்கி வந்து, துறையில் நிற்கும் பார்லிமென்ட் படையைத் தாக்க வேண்டும். அந்தக் குன்றைச் செய்ய தெல்மாவுக்குக் குளிர்காலம் முழுதும் பிடித்தது.

இன்று மதியம் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாள். பாதை நடுவில் மூன்று பைன் மரங்கள் நின்றன. புட்டி கழுவும் தூரிகையை வெட்டி அவளே செய்த மரங்கள்தான். ஆனால் அந்த இடத்தில் அவள் வைக்கவில்லை. படை இறங்கும் பாதையில் எவன் மரம் நட்டான் என்று முணுமுணுத்துக்கொண்டே ஒன்றைப் பிடுங்கினாள். மரத்தோடு தரையும் வந்தது. உள்ளே ஒரு முஷ்டி போகும் அளவுக்குப் பொக்கை.

"பாதை குறுகலா இருந்துச்சு," என்றார் ரோலண்ட். "என் குதிரைங்க நிக்கற அட்டை அதுல உக்காரல. ஓரத்துல கொஞ்சம் செதுக்கினேன். அதுக்குப் போய் ஏன் இப்படி?"

"செதுக்கினதுக்கா நான் கத்தறேன்? செதுக்கின எடத்துல என்னத்த அடிச்ச?"

அவருக்குப் பதிலாக டெரிக் சொன்னான். கழகத்திலேயே அவன் ஒருவன்தான் தோற்றாலும் சிரிக்கத் தெரிந்தவன். அவன் குனிந்து பொக்கையை முகர்ந்துவிட்டு, "கார் பெயின்ட் வாடை. பழுப்பு நிறம். உன் பழைய வண்டியோட நிறந்தான, ரோலண்ட்?" என்றான்.

இந்தக் கூட்டத்தில் நேற்று சேர்ந்தவனுக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. தெர்மோகோலுக்கு வெள்ளைப் பசையால் முதலில் தோல் போட வேண்டும். அது காய்ந்த பிறகு தூரிகையால்தான் வர்ணம். பீச்சும் பெயின்ட் பட்டால் சுடுதண்ணீரில் விழுந்த சர்க்கரைபோலக் கரைந்து போகும். ரோலண்டே எத்தனையோ பேரை இதற்காகத் திட்டியிருக்கிறார். ஆனால் வெட்டிய இடத்தில் வெள்ளை பளிச்சென்று தெரிந்தது. தெல்மா வருவதற்குள் மறைக்க வேண்டும். ஒரே ஒரு பீச்சு என்ன செய்துவிடும் என்று நினைத்திருப்பார். வெளியே அவள் போட்ட பசைத் தோல் அப்படியே நின்றது. உள்ளே மட்டும் பெயின்ட் புளிப்பு வாடையோடு தெர்மோகோலைத் தின்றுகொண்டே போயிருக்கிறது. மேலே மரத்தை நட்டுவிட்டார்.

"குப்பைய வெச்சு செஞ்சா இப்படித்தான்," என்றார் இப்போது, எதிர்த்தாக்குதலாக. "மத்த ஊர்க்காரங்களப் பாரு. கெட்டியான பிசின்ல வார்த்த பாறை வாங்கிட்டாங்க. கார்ல ஏத்தி இறக்கினாலும் ஒண்ணும் ஆகறதில்ல."

"போய் வாங்கு. சனிக்கிழமைதான, கடை தொறந்திருக்கு."

"கடையில பாறை கெடைக்கும், இந்த ஆறு கெடைக்காது," என்றான் டெரிக். "அது அவ குளியலறைத் திரை."

மூலையில் தெல்மாவின் வீட்டுக்காரர் கிளிஃபர்ட் உட்கார்ந்து, ராஜாவின் கொடிக்குப் பொன்னிறம் வைத்துக்கொண்டிருந்தார். சண்டை ஆரம்பித்ததிலிருந்து அதே கொடிதான். அவர் பேச்சுக் குறைந்த மனிதர், அது எங்களுக்கெல்லாம் பழக்கம். அதனால் அவர் வாய் திறக்காததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தெல்மா மேலங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். என்னிடம் முட்டை அட்டை கேட்டாள். இருந்ததைக் கொடுத்தேன். பிய்த்துப் பிய்த்து வாளியில் போட்டுச் சுடுதண்ணீர் ஊற்றி, வெள்ளைப் பசையைக் கொட்டிப் பிசைய ஆரம்பித்தாள். மாவு பிசைந்த கை. கோபம் முழுதும் அந்தக் கூழுக்குள் போய்க்கொண்டிருந்தது. ரோலண்ட் தோளைத் தளர்த்தி, சிகரெட்டைத் தேடிப் பையைத் தடவினார். காரியம் முடிந்தது என்று நினைத்துவிட்டார்.

பொக்கைக்குள் கூழை அடைத்துக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்: "இது ராவுக்குள்ள காயும். விடிகாலைல வந்து வர்ணம் வெச்சுக் குடுக்கறேன். ஆனா நாளைக்கு நான் கயித்துக்கு உள்ள நிப்பேன்."

கயிறு என்ன என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். காட்சியில் ஒவ்வொரு மேசையைச் சுற்றியும் கயிறு கட்டுவார்கள். கழகத்து உறுப்பினர்கள் நீலச் சட்டை போட்டுக்கொண்டு உள்ளே நிற்பார்கள். பார்க்க வருகிறவர்கள் வெளியே. போன வருடம் தெல்மா வெளியே நின்றாள், கிளிஃபர்டின் சாப்பாட்டு டப்பாவைப் பிடித்துக்கொண்டு. பக்கத்தில் நின்ற ஒரு பெண் தன் பிள்ளையைத் தூக்கிக் காட்டி, இந்தக் கோதுமை வயலை யார் செய்தார்கள் என்று கேட்டாள். உள்ளேயிருந்து ரோலண்ட், "கழகத்துல செஞ்சோம்மா," என்றார். தெல்மா அதைத் திரும்பி வரும் வழி முழுக்க என்னிடம் சொன்னாள். அதன் பிறகுதான் தன்னையும் உறுப்பினராகச் சேர்க்கச் சொல்லி இந்த வசந்தகாலப் பொதுக்கூட்டத்தில் கேட்டாள். வாக்கெடுப்பின்போது அவளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டார்கள். அது கழக வழக்கம். கேட்டவர் முன்னால் கை தூக்குவதில்லை.

"அது கூட்டத்துல முடிவான விஷயம்," என்றார் ரோலண்ட். "வெளையாடறவங்கதான் உறுப்பினர். நீ பகடையத் தொட்டதே இல்ல."

"தொட்டா சேத்துக்குவியா?"

"இப்ப வந்து இதக் கேக்கறது நல்லால்ல, தாயே. கழுத்துல கத்தி வெக்கற மாதிரி இருக்கு."

"கத்தியப் பத்தி நீ பேசற."

டெரிக் இடையில் புகுந்தான். ஒரு சட்டை அவளுக்குக் கொடுத்தால் யார் குடி முழுகிவிடும், தன்னுடையதையே போட்டுக்கொள்ளட்டும், வயிற்றுப் பக்கம் கொஞ்சம் தொளதொளக்கும் என்றான். ரோலண்ட் கேட்கிற நிலையில் இல்லை. அவர் முகம் சிவந்துவிட்டது. ஒருத்திக்குச் சட்டை கொடுத்தால் நாளைக்குத் தேநீர் ஊற்றுகிறவளும் கேட்பாள் என்றார். நான் சாளரத்தில் நிற்கிறேன் என்பது அவருக்கு மறந்துவிட்டது. மறக்கவில்லை என்றாலும் சொல்லியிருப்பார்.

"எல்லாரும் சேந்துதான் எனக்கு எதிரா கை தூக்கினீங்க," என்றாள் தெல்மா. "கிளிஃபர்ட் எனக்காக அவ்வளவு பேசினதா வீட்டுல சொன்னான். ஒரு ஆளு கேக்கல. இப்ப என் கை மட்டும் வேணும்."

ரோலண்ட் சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தார்.

"கிளிஃபர்ட் பேசினானா?"

"ரோலண்ட்," என்றார் கிளிஃபர்ட். மதியத்திலிருந்து அவர் சொன்ன முதல் வார்த்தை அது.

"இல்ல, இருப்பா. மாசக்கணக்கா இவ என்னைத்தான் மொறைக்கறா. நான்தான் கெட்டவன்." தெல்மா பக்கம் திரும்பினார். "சரிபாதியா நின்னுச்சு அன்னிக்கு. டெரிக் ஒனக்காகத் தூக்கினான். இன்னும் பல பேரு தூக்கினாங்க. ஒரே ஒரு கை கொறைஞ்சுது. உன் வீட்டுக்காரன் தூக்கியிருந்தா நீ உள்ள வந்திருப்ப."

அடுக்களையில் சுடுதண்ணீர்ப் பாத்திரம் கொதித்தது. நான் அதை அணைத்தேன். டெரிக் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பொய் என்று அவனாவது சொல்வான் என்று அவன் முகத்தையே பார்த்தேன். அவன் சொல்லவில்லை.

தெல்மாவின் கை பொக்கைக்குள்ளேயே இருந்தது. பிறகு வெளியே எடுத்தாள். விரல்களுக்கிடையில் சாம்பல் நிறக் கூழ் வழிந்தது. அதைத் துணியில் துடைத்தாள், ஒவ்வொரு விரலாக, நகத்தடி உட்பட. குன்று பாதி அடைத்தபடி நின்றது.

கத்துவாள் என்று நினைத்தேன். ரோலண்டும் அதைத்தான் எதிர்பார்த்தார்போல. ஒரு எட்டு பின்னால் போனார். அவள் மேலங்கியை மாட்டிக்கொண்டாள். வேலிச்செடிகளைச் சேர்த்துப் பையில் போட்டாள். வீடுகளைக் கூரையோடு தூக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். கோதுமை வயலைச் சுருட்டினாள். ஆற்றை ஒரு நுனியில் பிடித்து உருவியபோது அதன்மேல் நின்ற பார்லிமென்ட் படை மேசைமேல் சரிந்தது. ஈயம் மரத்தில் விழும் சத்தம் மழை பெய்வதுபோல் இருந்தது.

"அது கழகத்துச் சொத்து," என்றார் ரோலண்ட். குரல் பழையபடி இல்லை.

"மேசை கழகத்துது. வெச்சுக்கோ."

"நாளைக்கு நம்ம எடம் காலியா இருக்கும், தெல்மா. ஊரே பாக்கும்."

"கழகத்துல செஞ்சோம்னு சொல்லு."

இனிக் குன்றுதான் மிச்சம். அது ஆள் நீளம் இருக்கும். கனமில்லை, ஆனால் ஒருவராகத் தூக்கினால் நடுவில் முறியும். எப்போதும் அவளும் கிளிஃபர்டும்தான் இரண்டு பக்கமும் பிடித்துக் கொண்டுவருவார்கள், கொண்டுபோவார்கள். அவள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரையும் கூப்பிடவில்லை. கிளிஃபர்ட் கொடியை வைத்துவிட்டு எழுந்து வந்தார். தூரிகையைக் கழுவக்கூட இல்லை. மறுமுனையை இரண்டு கையாலும் பிடித்தார். விரல்களில் பொன்னிற வர்ணம்.

நான் போய்க் கதவைத் திறந்து பிடித்தேன். வெளியே தூறிக்கொண்டிருந்தது. தெல்மா பின்பக்கமாக நடந்து நிலைப்படி வரை வந்தாள், அங்கே நின்றுவிட்டாள். குன்று பாதி உள்ளே, பாதி வெளியே. ஈரக்கூழ் ஒரு கட்டி நழுவி மிதியடிமேல் விழுந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. அத்தனை நீளக் குன்றுக்கு மேலாக அவர் முகத்தைத்தான் பார்த்தாள்.

"அன்னிக்கு உன் கை எங்க இருந்துச்சு, கிளிஃபர்ட்?"