பக்கத்து வீட்டைக் காட்டிய கை

பாகீரதி ஈரத்துணியால் கணவரின் உதடுகளை ஒற்றிக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து வக்கீல் சந்திரமௌலி மறுபடி கூப்பிட்டான்.

"மன்னி, கமிஷனர் காத்துண்டிருக்கார்."

ராத்திரி தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கூடத்தில், பாகீரதியின் வாக்குமூலத்துக்குச் சத்தியம் வாங்கிக்கொள்ள வந்த மராத்திக்காரக் கமிஷனர் காப்பியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். வாசற்படியில் முகம்மது ஹனீப். அவரும் பாகீரதியின் கணவரும் கூட்டாகத் தாராவியில் தகரப்பெட்டிப் பட்டறை வைத்திருந்தார்கள். கம்பெனிக்குப் பதிவு விலாசம் இந்த மாதுங்கா வீடுதான். தகடு கொடுத்த சேட் பாக்கிப் பணத்துக்காகப் போட்ட வழக்கில் கம்பெனி தரப்பில் யாரும் ஆஜராகவில்லை; கோர்ட் ஒருதலையாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதை ரத்து செய்ய மனுப் போட இன்றே கடைசி நாள். தவறினால் பட்டறைக்குப் பூட்டு.

ஆடி மாதம் சம்மன் கொண்டுவந்த கோர்ட் பியூன், "யார் வீடு? புருஷன் பேர் என்ன?" என்று பாகீரதியைத்தான் கேட்டான். பேரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும். தபால்காரனுக்குச் செய்வதுபோல, பக்கத்து வீட்டு அம்மிணியைக் கேட்கும்படி கையை நீட்டினாள். அம்மிணி ஊரில் இல்லாதது நினைவில்லை. பியூனோ தன்னைப் போகச் சொல்லி விரட்டுகிறாள் என்று நினைத்தான். 'வாங்க மறுத்தார்கள், கதவில் ஒட்டினேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டான். எந்தக் கதவில் ஒட்டினானோ, மழை என்ன செய்ததோ, கண்ணில் பட்டவர் யாருமில்லை.

பாகீரதி கூடத்துக்கு வந்தாள்.

"நான் விரட்டலேன்னு எழுதியிருக்கியோன்னோ? கையெழுத்துப் போட்டுடறேன்."

"எல்லாம் எழுதியாச்சு. அண்ணா பேரை மட்டும் உங்க வாயால சொல்லணுமாம்."

"நீ சொல்லேன்."

"வக்கீல் சொல்லப்படாதாம்."

"தமிழ்ல எழுதிக் காட்டறேனே."

சந்திரமௌலி ஹிந்தியில் கேட்டான். கமிஷனர் ஏதோ சொல்லிக் கையை விரித்தார்.

"மதராஸி எழுத்து ஜிலேபி மாதிரி இருக்குமாம். அவருக்குப் படிக்கத் தெரியாதாம்."

வாசற்படியிலிருந்து ஹனீப் சொன்னார்: "வக்கீல் சார், அவங்களப் போட்டு வற்புறுத்தாதீய. எங்க வீட்லயும் பேர் சொல்ல மாட்டாவ. பட்டறை போனாப் போவுது. மனுசன் ஆயுசு பெருசுல்லா."

சந்திரமௌலி கடிகாரத்தைப் பார்த்தான்.

காலையில் இந்தப் பேச்சு பாகீரதியின் கணவர் காதிலும் விழுந்திருந்தது. நாக்குக் குழற, "சொல்லேண்டி, நானும் ஒரு தரம் கேட்டுக்கறேன்" என்று சிரிக்கப் பார்த்தார். அவள் பதறிப்போய் அவர் வாயைப் பொத்தினாள்.

பாகீரதி உள்ளே போனாள். துணியை நனைத்துப் பிழிந்து அவர் உதட்டில் வைத்தாள். உதடு அசையவில்லை. மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் அப்படியே நின்றாள். பிறகு துணியை மடித்துக் கிண்ணத்தின் மேல் வைத்துவிட்டு, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, கூடத்துக்கு வந்தாள்.

"எழுதிக்கச் சொல்லு," என்றாள். "ஜம்புநாதன்."

ஹனீப் எழுந்து நின்றார். சந்திரமௌலி காகிதத்தை நீட்டப்போனவன், கையை அப்படியே வைத்துக்கொண்டு உள் அறைப் பக்கம் திரும்பினான்.

கமிஷனருக்குச் சரியாகக் காதில் விழவில்லை. பேனாவைத் திறந்துகொண்டே, "க்யா?" என்றார்.

"ஜம்புநாதன்," என்று அவள் இன்னொரு தரம் சொன்னாள், உள் அறை வரைக்கும் கேட்கும்படி.