இரண்டு பேர் தூக்க வேண்டிய பெருக்கல் குறி

மனைவி தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பிப் போன புதன்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, எங்கள் அலுவலகத்தில் செய்முறைப் படம் வரைபவர்மீது கதவளவு உயரமான ஒரு சிவப்புப் பெருக்கல் குறி வந்து விழுந்து நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. அழிக்கும் ரப்பருக்கு அசையவில்லை. அவரைப் பார்சல் தராசில் ஏற்றி, அவர் எடையைக் கழித்துப் பார்த்ததில் பதினெட்டு கிலோ.

பிரித்து விற்கும் மேசை, கட்டில், அலமாரிகளை எப்படிப் பொருத்துவது என்று ஒரு சொல்கூட இல்லாமல் படத்திலேயே சொல்வதுதான் எங்கள் அலுவலகத்தின் பிழைப்பு. எல்லாத் தாளிலும் முதலில் இரண்டு கட்டங்கள் வரும். ஒருவன் தனியாக அலமாரியைத் தூக்கி முழிப்பான், அவன்மேல் பெருக்கல் குறி. அடுத்ததில் துணைக்கு இன்னொருவர் பிடிப்பார், அவன் சிரிப்பான். இருபத்திரண்டு வருடத்தில் இவர் அந்தத் தனி ஆளை நாலாயிரம் தடவையாவது குறி போட்டு அடித்திருப்பார். அதில் ஒன்று திரும்பி வந்ததில் எங்களுக்குப் பெரிய ஆச்சரியமில்லை.

துணைக்குப் பிடிக்கும் அந்த ஆள் அவர் மனைவி. வீட்டில் பலகையைப் பிடித்துக்கொண்டு மனைவி அசையாமல் நிற்பார், இவர் வரைவார். புரிகிறதா என்று சோதித்துச் சொல்வதும் மனைவிதான். அவருக்குப் புரியாத தாள் எதுவும் அச்சுக்குப் போனதில்லை. ஆனால் தேவையில்லாததை வெட்டு என்பது எங்கள் தொழிலின் விதி. முதல் வருடம் முழு உருவமாக நின்றவர், ஐந்தாம் வருடம் இடுப்புக்கு மேலே மட்டும் இருந்தார், பத்தாம் வருடம் தோளும் கையும் ஆனார். அந்த வாரம் கட்டிலுக்கான தாளில் ஓரத்திலிருந்து இரண்டு கைகள் நீட்டிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். என்ன சிக்கனம் என்று மேலாளர் மெச்சினார். நாங்கள் நாலு பேர் கைதட்டினோம்.

மனைவி அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். “இருபத்திரண்டு வருஷத்துல மிச்சம் ரெண்டு கைதானா? அத ஒரு ஆணியில மாட்டிக்குங்க” என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கினார். தனியாகத்தான் தூக்கினார்.

குறி விழுந்தபின் வரைபவரை எந்தப் பேருந்திலும் ஏற்றவில்லை. இன்ட்டு போட்ட எதையும் ஏற்றக்கூடாது என்று பலகையிலேயே இருப்பதாக நடத்துநர் காட்டினார். மேலாளர் மட்டும் அவரைக் காகிதக் கிடங்கு வாசலில் நிறுத்திவைத்தார். ஒருத்தரும் உள்ளே போகவில்லை.

திங்கட்கிழமை முதல் மனைவி அக்கா கடையில் வேலைக்குச் சேர்வதாகவும், தங்க அறைகூடப் பார்த்தாயிற்று என்றும் சேதி வந்தது. வீட்டில்கூட அம்புக்குறி போட்டே பேசிப் பழகியவர் என்ன செய்வார்? ஆறு கட்டத்தில் ஒரு மன்னிப்பு வரைந்தார். நாங்கள் மூன்று கூட்டம் போட்டுத் திருத்திக் கொடுத்தோம். மறுநாளே திரும்பி வந்தது, அடியில் மனைவியின் கையெழுத்தோடு: “நாலாவது கட்டத்துல என்ன, நெஞ்செரிச்சலா?”

ஞாயிற்றுக்கிழமை அவரே நடந்து போனார். ஏழு கிலோமீட்டர். அக்கா வீட்டு மாடிப்படியின் இரண்டாம் திருப்பத்தில் குறி சுவருக்குச் சுவர் சிக்கிக்கொள்ள, அப்படியே நின்றார்.

“படமா வந்துச்சு, இப்ப ஆளே வந்திருக்கு” என்று அக்கா உள்ளே பார்த்துச் சொன்னார். மனைவி வந்து மேல்படியில் நின்றார். இவர் கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போனது.

“பென்சில உள்ள வைங்க. வாயால சொல்லுங்க.”

அவர் பென்சிலை உள்ளே தள்ளினார். “உன்ன வெட்டுனது தப்பு” என்றார். “இடம் பத்தலன்னு நெனச்சேன். இடம் இருந்துச்சு.”

“இது புரியுது” என்றார் மனைவி. பிறகு எந்த மரச்சாமானையும் பார்ப்பதுபோல் குறியை மேலும் கீழும் பார்த்தார். “அதோட ஒரு கால இடது பக்கமா சாச்சுப் பிடிங்க. இத நான் பிடிச்சுக்குறேன்.”

இரண்டு பேர் பிடித்ததும் குறி சுலபமாகக் கழன்று வந்தது. இருவருமாக வீட்டுக்குப் போகும்போது நடத்துநர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

இப்போது அது அவர்கள் பால்கனியில் இருக்கிறது, துணி காயப்போட வசதி. தாள்களில் மனைவி செருப்பு வரைக்கும் முழுசாக நிற்கிறார். தாளுக்கு ஒரு பக்கம் கூடிவிட்டது என்று மேலாளர் முணுமுணுக்கிறார். அன்று கைதட்டிய எங்கள் நாலு பேருக்கும் நெஞ்சில் ஆளுக்கொரு பெருக்கல் குறி வந்திருக்கிறது, கைக்குட்டை அளவுதான். வீட்டில் யாரையாவது கொஞ்சம் பிடிக்கச் சொன்னால் கழன்றுவிடுமாம். எப்படிச் சொல்வதென்று வரைந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.